வேக்குவம் சீலரில் அடைத்துச் சேமிப்பது எப்படி: திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் இப்போது நான்கு வீடுகளில் வேக்குவம் சீலர், அதாவது பையிலிருந்து காற்றை உறிஞ்சி வாயை ஒட்டும் மிஷின், இருக்கிறது. நான்கிலும் முதல் வாரம் ஒரே மாதிரிதான் கழிந்தது. பெட்டியைப் பிரித்தார்கள்; கையில் கிடைத்ததையெல்லாம் பையில் போட்டு அழுத்தினார்கள்; பை கல்லாக இறுகியதைப் பார்த்துப் பூரித்தார்கள். மூன்றாவது மாதம் உளுந்தில் வண்டு, மிளகாய் வற்றலில் பூஞ்சணம், மிதுக்கு என்னும் சின்னக் காயின் வற்றல் பையில் காற்று. "மிஷின் சரியில்லை" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அது காற்றை மட்டும்தான் எடுக்கும். ஈரத்தை எடுக்காது, வண்டு முட்டையை எடுக்காது, கிருமியைக் கொல்லாது. அவற்றையெல்லாம் நாம் முடித்துக் கொடுத்த பிறகுதான் அதற்கு வேலை. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி தூரம் போகும்வரை சுவிட்சைத் தொட மாட்டோம்.

1. முதலில் பொருள்களைப் பிரியுங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே செய்யும் தவறு மட்டும் பொருளோடு போகாது, உயிருக்கே வினையாகும்.

அரிசி, பருப்பு, பயறு, மிளகாய் வற்றல், மல்லி, காய்கறி வற்றல்கள், புளி, கருப்பட்டி, எள், நிலக்கடலை ஆகியவற்றை நன்றாகக் காய்ந்திருந்தால் அடைத்து வெளியிலேயே வைக்கலாம். மீன், இறைச்சி, தேங்காய்த் துருவல், சமைத்த குழம்பு போன்ற ஈரமானவற்றை அடைத்த பிறகும் குளிரில்தான் வைக்க வேண்டும். காற்றை எடுத்துவிட்டோம், இனி ஃப்ரிட்ஜ் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா உண்டு. காற்று இருந்தால் அது வளராது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் பெருகி நரம்பைத் தாக்கும் நச்சை உண்டாக்கும். அந்த நச்சுக்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரில்கூடச் சாகாது. பிரஷரில் 121 டிகிரி செல்சியஸ் வரை போனால்தான் சாகும். ஈரமான உணவைக் காற்றெடுத்து அலமாரியில் வைப்பது அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுப்பது போல.

ஆகவே பச்சைப் பூண்டு, உரித்த வெங்காயம், காளான் ஆகியவற்றை அடைத்து வெளியில் வைக்கவே கூடாது. இட்லி மாவையும் விட்டுவிடுங்கள். அது புளிக்கும்போது வாயு விடும், பை பந்தாக உப்பும், ஃப்ரிட்ஜ் முழுவதும் மாவாகும். அந்தக் காட்சியை ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். துடைத்து முடிக்க ஒரு காலைப் பொழுது ஆனது.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வீட்டுச் சீலர்களில் பெரும்பாலானவை பையின் வாயை மட்டும் கவ்விக் காற்றை உறிஞ்சும் வகை. அதற்கு உள்பக்கம் வரிவரியாகப் புடைத்திருக்கும் பைதான் வேண்டும். வழவழப்பான பையைப் போட்டால், உறிஞ்சத் தொடங்கியதுமே இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். காற்று வெளியே வர வழியிருக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் வழவழப் பைகளை நூறு வாங்கி வைத்துவிட்டு விழிப்பவர்கள் நிறைய. பையில் கோப்பையும் முள்கரண்டியுமாக உணவுக்கு உகந்தது என்ற குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மற்றவை வீட்டிலேயே இருக்கும்: சுளகு, கோரைப்பாய், வெள்ளைத் துணி, சின்னத் தராசு, அழியாத மை பேனா, பட்டர் பேப்பர், ஒரு வாளித் தண்ணீர். வாளி எதற்கு என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன். எலி உள்ள வீடானால் மூடியுள்ள தகரச் சம்படமோ டிரம்மோ அவசியம். எத்தனை மைக்ரான் தடிமனுள்ள பையாக இருந்தாலும் எலிக்கு அது காகிதம்தான்.

3. நாளைத் தேர்ந்தெடுங்கள்

பிசான நெல் அறுவடை முடிந்து புது அரிசியும் பயறும் வீட்டுக்கு வரும் மாசி, பங்குனிதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். சித்திரை வெயிலும் நல்லதே. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் ஆனி, ஆடிச் சாரலில் இதைத் தொடவே வேண்டாம். காற்றிலேயே தண்ணீர் மிதக்கும்போது எதைக் காய வைத்தாலும் அரைக்காய்ச்சல்தான். ஐப்பசி, கார்த்திகையில் திருநெல்வேலிப் பக்கம் முழுவதுக்கும் இதே கதி.

மழைக்காலத்தில் சாமான் கெடுகிறதே என்று மழைக்காலத்தில் மிஷின் வாங்குகிறோம். அதுதான் தலைகீழ்.

4. காய வைத்துச் சோதியுங்கள்

வெயில் ஏறிய பிறகு, தரையின் ஈரம் போனதும், துணி விரித்துப் பரப்புங்கள். விரல் கனத்துக்கு மேல் குவியக் கூடாது. குவித்தால் மேலே மொறுமொறுப்பாகவும் அடியில் பதமாகவும் இருக்கும். அந்த ஒரு கைப்பிடிப் பதம் பைக்குள் போய் எல்லாவற்றுக்கும் பரவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். அரிசியை மட்டும் கடும் வெயிலில் போடாமல் நிழல்காய்ச்சலாக உணத்துங்கள், இல்லையென்றால் வெடித்து நொய்யாகும்.

காய்ந்ததா என்று கையால் தொட்டுச் சொல்லும் ஆற்றல் எங்கள் ஆச்சிக்கு இருந்தது. எனக்கு இல்லை. அதனால் உப்புச் சோதனையை நம்புகிறேன். ஈரமே இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசியோ பயறோ போட்டு, வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று கரண்டி சேர்த்து, மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் தானியத்தில் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே.

ஒட்டவில்லை என்றதும் அடைத்துவிடாதீர்கள். நீண்ட நாள் வைக்க அரிசிக்கு 12, 13 சதவீதமும் பயறு வகைக்கு 10 சதவீதமும்தான் நல்ல அளவு. எனவே சோதனையில் தேறிய பிறகும் இன்னும் ஒரு வெயில் காட்டுவது என் வழக்கம். உளுந்தைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் 'படக்' என்று உடைய வேண்டும்.

மிளகாய் வற்றலைக் கையில் அள்ளிக் குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். காம்படி மெத்தென்று இருந்தால் மறுபடியும் வெயில். சீனியவரை, சுண்டைக்காய் வற்றல்கள் மோரில் ஊறியவை. வெளியே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும். ஒன்றிரண்டை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் ஆகவில்லை. கூழ்வற்றலும் அப்படியே.

பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துக் காயவைத்து அடைப்பவர்களையும் பார்த்தாயிற்று. மிளகாயிலும் நிலக்கடலையிலும் வரும் சில பூஞ்சணங்கள் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சை விடும். வறுத்தாலும் பொரித்தாலும் அது முழுதாகப் போகாது. அவற்றைக் குப்பையில் போடுங்கள்.

5. ஆறவிடுங்கள்

புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். நான்கு மணிக்கு மாடியிலிருந்து அள்ளி வந்து, சூடு தணியும் முன்பே பையில் போடுவார்கள். சூடான பொருளிலிருந்து ஆவி வந்துகொண்டே இருக்கும். பைக்குள் குளிர்ந்ததும் அது முத்து முத்தாகத் தண்ணீராகும். இரண்டு நாள் காய்ந்தது வீண்.

வீட்டுக்குள் கோரைப்பாயில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் இரண்டு மணி நேரம் விடுங்கள். ஆறட்டும் என்று இரவு முழுவதும் திறந்து போடவும் வேண்டாம். இரவுப் பனியின் ஈரத்தை வற்றல் திரும்பக் குடித்துவிடும். அன்று மாலையே அடைக்க முடியாவிட்டால் சம்படத்தில் போட்டு இறுக மூடி வைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் வெயில் காட்டி மறுபடியும் தொடங்குங்கள்.

ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் சுளகில் புடைத்துக் கல், தூசி, உடைந்த பருப்பு எல்லாவற்றையும் நீக்கிவிடலாம்.

6. பையை வெட்டி, எழுதி, அளந்து போடுங்கள்

ஒரு பை என்பது ஒரு மாதச் செலவுக்கு மேல் போகக் கூடாது. ஐந்து கிலோ உளுந்தை ஒரே பையில் அடைத்தால், பிரித்த அன்றே நான்கு கிலோவுக்குக் காற்றுப் பட்டுவிடும். வற்றல் கால் கிலோ, பருப்பு அரைக் கிலோ, அரிசி ஒரு கிலோ அல்லது இரண்டு என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

சுருளாக வரும் பையை வெட்டும்போது, பொருள் நிற்கும் உயரத்துக்கு மேல் நான்கு விரல் இடம் விடுங்கள். சிக்கனம் என்று ஒட்ட வெட்டினால் மிஷின் வாய்க்குப் பை எட்டாது; எட்டினாலும் பொருள் சீலுக்குள் மாட்டும். ஒரு ஓரத்தை முதலில் சீல் வைத்துவிட்டு, பை வெறுமையாக இருக்கும்போதே பெயர், எடை, தேதியை எழுதுங்கள். அடைத்த பிறகு மேடுபள்ளத்தில் எழுத்து ஓடாது. எழுதும் இடம் பையின் அடிப்பக்கம். மேலே எழுதினால் முதல்முறை கத்தரிக்கும்போதே தேதி போய்விடும்.

நிரப்புவதற்கு முன் பையின் வாயை வெளிப்பக்கமாக இரண்டு அங்குலம் மடித்துக்கொள்ளுங்கள், சட்டைக் கையை மடிப்பது போல. அந்த மடிப்புக்குள் தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ படாது. நிரப்பியதும் மடிப்பை எடுத்துவிட்டால் வாய் சுத்தமாக இருக்கும். சீல் நிற்காத பைகளில் பாதிக்கு மேல் காரணம் வாயில் ஒட்டிய மஞ்சள் தூளோ உளுந்து மாவோதான்.

7. அடையுங்கள்

வாயைச் சுருக்கமில்லாமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து வையுங்கள். ஒரு சுருக்கம் இருந்தாலும் சீலின் குறுக்கே ஒரு குழாய் உண்டாகி, அதன் வழியே காற்று மெல்லத் திரும்பும். சீல் ஆனதும் அதிலிருந்து அரை அங்குலம் தள்ளி இரண்டாவது கோடு ஒன்றும் போடுங்கள். ஓராண்டு நிற்க வேண்டிய பைக்கு இந்தக் கூடுதல் பத்து விநாடி பெரிய விஷயமில்லை.

ஒரு பைக்கும் அடுத்த பைக்கும் நடுவே ஒரு நிமிடமாவது மிஷினை ஆறவிடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் சூட்டுக் கம்பி மிகச் சூடாகிப் பிளாஸ்டிக்கை ஒட்டுவதற்குப் பதிலாக உருக்கி அறுத்துவிடும்.

மிளகாய்க் காம்பு, பட்டை, மிதுக்கு வற்றல், கருவாட்டு முள் எல்லாம் ஊசிக்குச் சமம். காற்று போகும்போது பை அவற்றின் மேல் இறுகும், அப்போதுதான் குத்தும். முதலில் பட்டர் பேப்பரில் சுற்றி, பிறகு பையில் இடுங்கள். மிஷினில் மெதுவாக உறிஞ்சும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பை பொருளை ஒட்டியதும் நிறுத்தி சீல் வைத்தால் போதும், கல்லாக இறுக வேண்டிய தேவை இல்லை.

சாம்பார்ப் பொடி, மாவு வகைகளை நேராகப் போட்டால் தூள் பறந்து பம்புக்குள் போகும். சின்னக் காகித உறையில் கட்டி, அந்த உறையைப் பைக்குள் வையுங்கள்.

8. வாளியில் முக்கிப் பாருங்கள்

முதலில் சீல் கோட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராகக் கண்ணாடி போலத் தெரிய வேண்டும். நடுவில் வெள்ளைத் திட்டோ கொப்புளமோ இருந்தால் வெட்டிவிட்டு மறுபடியும் வையுங்கள்.

பிறகு பையை ஓர் இரவு விடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் வாளியில் முக்கிக் கையால் அழுத்துங்கள். எங்கள் மதினி கொண்டுவந்த மிதுக்கு வற்றல் பையை இப்படித்தான் பார்த்தோம். சீலில் ஒன்றுமில்லை. பையின் நடுவயிற்றிலிருந்து நூல் இழை மாதிரிக் குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி வந்தன. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை; உள்ளே ஒரு மிதுக்கின் காம்பு சரியாக அந்த இடத்தில் நின்றது. மிஷினை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பியிருந்த மதினி, அதன் பிறகு பட்டர் பேப்பர் வாங்கக் கிளம்பினார். ஒழுகிய பையில் தண்ணீர் புகுந்திருக்கும் என்பதால் அந்த வற்றலை உடனே பிரித்து மறுபடியும் காய வைக்க வேண்டும்.

அடைத்த ஒரு வாரம் கழித்து எல்லாப் பைகளையும் இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். தளர்ந்த பை என்றால் ஒழுக்கு, சரிசெய்யலாம். உப்பிய பை என்றால் உள்ளே ஏதோ வாயு விடுகிறது; ஈரப் பொருளாக இருந்தால் திறந்து முகர்ந்து பார்க்கும் வேலையே வேண்டாம், அப்படியே எறியுங்கள்.

9. வண்டுக்கு நான்கு நாள் குளிர்

உளுந்து, பாசிப்பயறு, தட்டாம்பயறு விதைகளின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது அழுக்கு இல்லை, பயறு வண்டின் முட்டை. பல நேரம் வயலிலேயே இட்டிருக்கும். சுளகில் புடைத்தாலும் போகாது, ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில்லாமல் வண்டு செத்துவிடாதா என்று கேட்பார்கள். வீட்டு மிஷின் காற்றை முழுவதுமாக எடுப்பதில்லை; மிச்சமிருப்பதில் சில பிழைத்துவிடும்.

எனவே அரிசி, பயறு, பருப்புப் பைகளை அடைத்த பிறகு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு நாள் வையுங்கள். முட்டை, புழு, வண்டு எல்லாம் அதில் ஒழியும். பைகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்காமல் தட்டையாகப் பரப்புங்கள். நடுப்பகுதிவரை குளிர் இறங்க வேண்டும். நடுவில் நீண்ட நேரம் மின்சாரம் போனால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

அடைத்துவிட்டுத்தான் ஃப்ரீசர். முதலில் ஃப்ரீசரில் வைத்து, எடுத்ததும் அடைத்தால், குளிர்ந்த தானியத்தின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்து அதுவும் சேர்ந்து அடைபடும். அடைத்த பையின் ஈரம் வெளியே மட்டும்தான் படியும், துடைத்துவிடலாம். எடுத்த பை அறைச் சூட்டுக்கு வரும்வரை அதைத் திறக்காதீர்கள்.

அரிசி மூட்டையில் போடும் அந்தச் சாம்பல் நிற மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு விடும் பாஸ்பீன் வாயு வண்டோடு மனிதரையும் கொல்லும்.

10. மீன், தேங்காய்

சீலாத் துண்டுகளோ சாளையோ, கழுவி வடியவிட்டு, துணியால் ஒற்றி எடுத்துத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வையுங்கள். மேலே இறுகியதும் அடையுங்கள். நேராக அடைத்தால் மீன் தண்ணீர் சீலுக்கு ஏறி ஒட்டவிடாது. மிஷினுக்குள்ளும் போய் நாறும். எண்ணெய்ச் சத்துள்ள சாளையை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், உறைந்திருந்தாலும் அதில் சிக்கு வாடை சீக்கிரம் வரும்.

சமைக்க எடுக்கும்போது, மீன் பையைக் கத்தரித்துத் திறந்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருக வையுங்கள். பொட்டுலினத்தில் மீனோடு வரும் ஒரு வகை ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரக்கூடியது. மூடிய பையில் உருகினால் அதற்கு வேண்டிய காற்றில்லாத சூழல் அப்படியே கிடைக்கும். இதைச் செய்யாத வீடுதான் அதிகம்.

தேங்காய்த் துருவலைத் தட்டையான பலகை போல அடைத்து உறையவைத்தால், வேண்டியதை மட்டும் ஒடித்து எடுக்கலாம். சொதிக்குத் தேங்காய்ப்பாலை ஐஸ் தட்டில் கட்டியாக்கி, அந்தக் கட்டிகளை அடையுங்கள். உருகும்போது திரிந்தது போலத் தெரியும், கலக்கினால் சேர்ந்துகொள்ளும்.

11. அடம்பிடிக்கும் சில பொருள்கள்

கருப்பட்டிக்கு இந்த மிஷின் ஒரு வரம். மழைக்காலத்தில் கசிந்து ஒழுகும் அதே கருப்பட்டி, வெயில் காலத்தில் வாங்கியவுடன் அடைத்தால் ஐப்பசியிலும் கல்லாக இருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும் பண்டம். அதனால் ஒரு பைக்கு இரண்டு மூன்று வட்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஏற்கெனவே கசிந்ததை அடைத்துப் பயனில்லை. ஆக்ஸிஜன் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைச் சிலர் எல்லாப் பையிலும் போடுகிறார்கள். அரிசி, பருப்புக்குச் சரி, கருப்பட்டிக்கும் சர்க்கரைக்கும் வேண்டாம்.

கருவாடு கடையில் காய்ந்தது போல இருக்கும், நடு முள் ஓரம் ஈரமாக இருக்கும். நான் அதை வெளியில் வைப்பதே இல்லை. இன்னொரு வெயில் காட்டி, பேப்பரில் சுற்றி, இரண்டு பை போட்டு, ஃப்ரீசர். வாடைக்கும் அதுவே தீர்வு.

அல்வாவை அடைக்க வேண்டாம். சென்னைப் பேரனுக்கு அனுப்ப நினைத்த ஓர் அத்தை வீட்டில் முயன்றோம். உறிஞ்ச உறிஞ்ச நெய் பிதுங்கி வாய்க்கு வந்தது, சீல் ஒட்டவில்லை, அல்வா அப்பளம் மாதிரித் தட்டையானது. நெய் வடியும் காகிதப் பொட்டலமே அதற்கு அழகு. முறுக்கும் நொறுங்கும்; காற்றெடுக்காமல் சீல் மட்டும் வைத்தால் நமத்துப்போகாமல் சில வாரம் நிற்கும்.

12. வைக்கும் இடம், பிரிக்கும் முறை

பரணில் வைக்காதீர்கள். கான்கிரீட் கூரைக்கு ஒட்டிய பரண் சித்திரையில் அடுப்பாகிவிடும். எள்ளும் நிலக்கடலையும் அங்கே பையோடு சிக்குப் பிடிக்கும். அலமாரியின் கீழ்த்தட்டு, வெளிச்சம் படாத மூலை, மூடிய சம்படம் போதும். பைகளை நூலகப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்தால் தேதி தெரியும், ஒன்றின் முனை இன்னொன்றைக் குத்தாது. புதியது பின்னால், பழையது முன்னால்.

பிரிக்கும்போது சீல் கோட்டை ஒட்டிக் கத்தரியுங்கள், பாதியில் வெட்டாதீர்கள். அப்போதுதான் அதே பையைக் கழுவி, உள்வரிகளில் ஈரமில்லாமல் கவிழ்த்துக் காயவைத்து இன்னும் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். மீனும் இறைச்சியும் இருந்த பைக்கு அந்தச் சலுகை இல்லை.